லட்சுமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது

என்னுடைய கிளையண்ட் என்னோடு படித்தவள். முதல் செமஸ்டரில் ஒரு ரோல் பிளேயில் கிளையண்டாக நடித்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இரண்டு வருடமாகக் கிளையண்டாகவே இருக்கிறாள்.

துறையில் இதற்கு யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒரு ரோல் பிளேயை ஆரம்பித்தவர்தான் முடித்து வைக்க வேண்டும். இது விதி. சமூகப்பணி படிக்க வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டரில் விதிகளைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். மனிதர்கள் இரண்டாம் செமஸ்டரில்தான் வருவார்கள்.

அவள் பெயர் ஆவுடைச்செல்வி. நான் ஆவுடை என்பேன். ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவர். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள் அவள்தான். நான் தமிழ் மீடியம். என் அறிக்கைகளுக்கு இங்கிலீஷ் போட்டுக் கொடுத்தது அவள்தான்.

"ஏட்டி இசக்கி, 'கிளையண்ட் இஸ் வெரி பாவம்'னு எழுதியிருக்க. இதுக்கு நான் எங்கன போயி இங்கிலீஷ் தேட?"

"பாவம்தானட்டி அவ."

"பாவம்தான். ஆனா மார்க்கு கிடையாது."

இப்படிப் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம்.

அன்றைக்கு நேர்காணல் முறைகள் பாடம். குணசீலன் சார் மேஜைமேல் சீட்டுகளை மடித்துப் போட்டார். எனக்குச் சமூகப் பணியாளர் சீட்டு வந்தது. ஆவுடைக்குக் கிளையண்ட். பெயர் லட்சுமி, வயது முப்பத்தெட்டு, கணவருக்குக் குடிப்பழக்கம், இரண்டு குழந்தைகள், ரேஷன் கார்டு இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் துறையில் கிளையண்டுகள் எல்லோருக்கும் லட்சுமி என்றுதான் பெயர். ரகசியம் காப்பதற்காக அப்படி.

முன்னால் இரண்டு நாற்காலி போட்டார்கள். சார் சொன்னார்: "நான் போதும்னு சொல்ற வரைக்கும் யாரும் ரோலை விட்டு வெளிய வரக்கூடாது. பாதியில சிரிச்சா மார்க் கிடையாது."

பதினொன்று நாற்பதுக்கு ஆபீஸ் உதவியாளர் வந்து கதவைத் தட்டினார். "சார், கமிட்டி வந்துட்டாங்க."

எங்கள் படிப்பால் பலன் இருக்கிறதா என்று பார்க்கிற கமிட்டி அது. அவர்கள் எங்கள் துறைப் பக்கம் வருவதற்குள் வராந்தாவில் பூந்தொட்டிகளை வைத்தாக வேண்டும். தொட்டிகள் தாவரவியல் துறையில் இரவல் வாங்கியவை. குணசீலன் சாருக்குத் தொட்டிப் பொறுப்பு.

"அப்படியே இருங்க. வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. வகுப்பு எழுந்து போனது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு வருகிறவள். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது இல்லை. எனக்குப் பசித்தது. புத்தகத்தில் நேர்காணலை முடிக்க ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னேன்.

"சரிங்கம்மா. அடுத்த வாரம் வர்றேன்."

ஆவுடை எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "சரிங்க மேடம்." நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

கேண்டீனில் இரண்டு போண்டா வாங்கினேன். ஒன்றைத் தின்றேன். இன்னொன்றைத் தாளில் பொதிந்து கொண்டுவந்தேன். அவள் அதே நாற்காலியில் இருந்தாள்.

"ஏட்டி, ஆறிரும். தின்னு."

"எனக்கா மேடம்? பிள்ளைகளுக்கு வச்சிக்கிடட்டுமா?"

போண்டாவைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். காலையில் அவள் சுடிதாரில் வந்திருந்தாள்.

அடுத்த வாரம் அந்த வகுப்பறையின் மூலையில் ஒரு வீடு இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மின்விசிறிக்குக் கீழே ஒரு கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு நாலு. இருவரும் அவளை அம்மா என்றார்கள். மூன்று மணிக்குப் புருஷன் வந்தான். நாடகக் குழுவிலிருந்து அனுப்பிய மாணவன் என்று சொன்னார்கள். மூன்றாவது வாரம் அவனிடம் நிஜமாகவே சாராய நெடி அடித்தது. ஐந்தாவது வாரம் அவள் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

துறைத்தலைவர் விமலா மேடம் வந்து பார்த்தார். வாசலிலேயே நின்றார்.

"நம்ம டிபார்ட்மென்ட்டுக்குன்னு சொந்தமா ஒரு கிளையண்ட். வேற எந்த யுனிவர்சிட்டியில இருக்கு?"

"மேடம், அது ஆவுடை."

"கிளையண்ட் பேரை வெளிய சொல்லக்கூடாது. முதல் பாடமே அதுதானே?"

லட்சுமியை எனக்குக் கேஸாக ஒதுக்கினார்கள். நான் அதிர்ஷ்டசாலி என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். மற்றவர்களைக் களப்பணிக்கு வெளியே அனுப்பினார்கள். ஒருத்தி ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு வருடம் நாற்காலிகளை எண்ணினாள். எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணச் சொன்னார்கள். இன்னொருத்தனைக் குடிமறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளே வருவதற்குப் படிவம் இருந்தது. மாணவர்கள் வெளியே போவதற்குப் படிவம் இல்லை. அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். குடி மட்டும் பழகவில்லை.

செவ்வாயும் வியாழனும் லட்சுமியைப் பார்க்கப் போனேன். கையில் ஒரு படிவம். பனி பெய்யும் ஏதோ ஒரு ஊரில் என்றோ தயாரித்த படிவம் அது. யாரோ தமிழில் பெயர்த்து, பெயர்த்த கையோடு ஓய்வுபெற்றுவிட்டார். பதினாலாவது கேள்வியை மே மாதம் கேட்டேன்.

"குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வசதி உண்டா?"

லட்சுமி கூரையைப் பார்த்தாள். "அது தன்னாலேயே சூடாத்தான் மேடம் கெடக்கும்."

உண்டு என்று எழுதினேன். கேட்ட கேள்விகளில் உண்டு என்று எழுத முடிந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

அவள் கேட்டது ரேஷன் கார்டு. வேறெதுவும் கேட்கவில்லை. நான் ஒருநாள் தாலுகா ஆபீஸ் போய் விண்ணப்பம் வாங்கி வந்தேன். அதை அறிக்கையிலும் எழுதினேன். விமலா மேடம் சிவப்பு மையில் குறிப்பு எழுதினார். 'நீ ஏன் போனாய்? அவளைப் போகச் செய். தன்னம்பிக்கையை வளர்ப்பதே நம் பணி.' லட்சுமியால் அந்த வகுப்பறையைத் தாண்டிப் போக முடியாது. வாசல் வரை வந்தால் ரோல் முடிந்துவிடும் என்று கால் தானாகத் திரும்பும். அதையும் எழுதினேன். 'கிளையண்டிடம் ஊக்கமின்மை' என்று மேடம் பக்கத்தில் குறித்தார். விண்ணப்பம் ஃபைலில் சேர்க்கப்பட்டது. அதற்கு ஐந்து மார்க் தந்தார்கள்.

அறிக்கை எழுத எழுத அவளுக்கு வயது கூடியது. இதை நான்தான் முதலில் கவனித்தேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அறிக்கையைக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு முடி நரைத்திருக்கும், அல்லது ஒரு பல் ஆடும். ஆவுடைக்கு இருபத்திரண்டு வயது. சீட்டில் முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது. அந்தப் பதினாறு வருடத்தையும் நான்தான் தேதி போட்டு, மார்ஜின் விட்டு எழுதினேன். எழுதாமல் இருந்தால் எனக்கு வருகைப்பதிவு கிடையாது.

வகுப்பில் தினமும் ஆவுடைச்செல்வி என்று பெயர் கூப்பிடுவார்கள். லட்சுமி பின்னால் பெருக்கிக்கொண்டிருப்பாள். வரவில்லை என்று யாராவது சொல்வார்கள். அவள் துடைப்பத்தை நிறுத்தாமல், "பாவம், உடம்புக்கு என்னவோ" என்பாள்.

மூன்றாம் செமஸ்டரில் எனக்குப் பொறுக்கவில்லை. பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். வகுப்பிலிருந்து முப்பது அடி. என்னிடம் நாலு அறிக்கை பாக்கி இருந்ததால் வராந்தா நீண்டிருந்தது. கழிவறை தாண்டியதும் ஒரு பஸ் ஸ்டாப் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் மாணவர் சலுகை உண்டா என்று கேட்டேன். நடத்துநர் சிரிக்கவில்லை.

கண்காணிப்பாளர் பெயர் சிதம்பரம். டிபன் பாக்ஸை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"ரோல் பிளே முடிப்பு விண்ணப்பம் வேணும் சார்."

"இருக்கு. யாருக்கு முடிக்கணுமோ அவங்க கையெழுத்துப் போடணும்."

"அவளுக்கு எழுதத் தெரியாது சார்."

"எம்.எஸ்.டபிள்யூ படிக்கிற பிள்ளைக்கு எழுதத் தெரியாதா?"

"படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அவ இப்ப கிளையண்டா இருக்கா."

"அப்ப கைநாட்டு வச்சிரலாமே."

"சரி சார்."

"ஆனா இது மாணவர் படிவம். மாணவர் கைநாட்டு வச்சா செல்லாது." அவர் கையை விரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. "இங்க பாருங்கம்மா. ஆரம்பிச்ச வாத்தியாரையே பிடிச்சு, போதும்னு ஒரு வார்த்தை சொல்ல வச்சிருங்க. படிவமே வேண்டாம். ஆனா உங்க வைவா பரீட்சைக்கு முன்னால முடிச்சிரணும். வைவா முடிஞ்சா கேஸ் முடிஞ்சுதுன்னு ஃபைல் ரிக்கார்டு ரூமுக்குப் போயிரும். அங்க போனதைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பிள்ளை அப்படியே இருந்துரும்."

அன்று மாலை லட்சுமியின் கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்தாள். என் நோட்டை விரித்துக் காட்டினேன். முதல் இருபது பக்கத்திலும் ஆவுடை திருத்திய எழுத்து இருந்தது.

"இது யார் எழுத்துன்னு தெரியுதா?"

"அழகா இருக்கு மேடம். என்ன எழுதியிருக்கு?"

நான் கழிவறைக்குப் போய் அழுதேன். அழுததையும் எழுத வேண்டும். அறிக்கையில் 'பணியாளரின் உணர்வுகள்' என்று தனிக் கட்டம் இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் உயரம். அதற்குள் அடங்கும்படி அழுததாக எழுதினேன்.

குணசீலன் சாரைத் தேடினேன். அவர் தினமும் துறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வராந்தாவின் கடைசியில் எப்போதும் அவர் முதுகு தெரியும். கையில் ஒரு தொட்டி இருக்கும். நான் வேகமாக நடந்தால் வராந்தாவும் வேகமாக நீளும். ஒரே ஒருநாள் பக்கத்தில் போய்விட்டேன். பாக்கி அறிக்கைகளை எல்லாம் கொடுத்துத் தீர்த்த நாள் அது.

"சார், ரோல் பிளேயை முடிக்கலை."

அவர் திரும்பினார். தொட்டியில் இருந்த செடி காய்ந்து போயிருந்தது. "கமிட்டி போயிருச்சா?"

"போன வருஷமே போயிட்டாங்க சார்."

"அடுத்தது வருதுல்லாம்மா" என்றார். அதற்குள் அன்றைய வருகைக்கான அறிக்கை பாக்கி விழுந்துவிட்டது. வராந்தா மறுபடி நீண்டது.

ஆடி மாதம் ஆவுடையின் அம்மா வந்தார். கையில் தூக்குவாளி. விரல் நுனிகள் புகையிலை ஏறிக் கறுத்திருந்தன. மகள் போனை எடுப்பதில்லை என்றார். லட்சுமியிடம் போன் கிடையாது. நான் அவரை வகுப்பறைக்குக் கூட்டிப்போனேன். இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

"இவதாம்மா" என்றேன்.

அம்மா லட்சுமியைப் பார்த்தார். நரைத்த முன்தலையைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றாள் லட்சுமி. "நீங்களும் கார்டு விசயமாத்தான் வந்தியளா?"

"இல்ல தாயி. எம்மவளப் பாக்க வந்தேன். இங்கனதான் படிக்கா."

லட்சுமி தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருமணி நேரம் பேசினார்கள். கூரை ஒழுகுவதைப் பற்றி. புருஷன்மாரைப் பற்றி. அம்மா செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது லட்சுமி அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"பீடி சுத்துவியளோ?"

"ஆமா தாயி. முப்பது வருசமா."

"எங்கம்மையும் சுத்துவா" என்றாள் லட்சுமி.

அது சீட்டில் இல்லாத விஷயம். நான் எழுதுவதை நிறுத்தினேன். லட்சுமியும் பேச்சை நிறுத்தினாள். விரல்களை விடாமல் எதையோ யோசிக்கிற மாதிரி இருந்தாள். அதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. புருஷன் வந்துவிட்டான்.

வராந்தாவில் அம்மா என்னிடம் தூக்குவாளியைக் கொடுத்தார். "உளுந்தஞ்சோறு. அவ வந்தா குடு. அந்தப் பொம்பள பாவம். எம்மவ படிக்கதே இந்த மாதிரி ஆளுவளுக்குச் செய்யத்தான்னு சொல்லுவா. அவகிட்டச் சொல்லி இதுக்கு ஒரு கார்டு வாங்கிக் குடுக்கச் சொல்லு."

"சொல்லுதேம்மா" என்றேன்.

உளுந்தஞ்சோற்றை லட்சுமியின் பிள்ளைகள் தின்றன. அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வைவா ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு ஒரு திட்டத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சான்றிதழோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா டீக்கடையில் எம்.எஸ்.டபிள்யூ என்று சொல்லத் தெரியாமல், "பெரிய படிப்பு" என்றே இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள்.

வகுப்பறையிலேயே வைவா. கிளையண்ட் அங்கே இருந்ததால் வசதி. வெளியூரிலிருந்து புறத்தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். அதே நாளில் கமிட்டியும் வந்திருந்தது. எங்கள் படிப்பின் பலனை அளக்க ஒரு இஞ்ச் டேப் கொண்டுவந்திருந்தார்கள். லட்சுமியைச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

"ஆரம்பத்துல எவ்வளவு?"

"அஞ்சடி மூணு" என்றார் விமலா மேடம்.

"இப்ப அஞ்சடி ஒண்ணு."

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு. பிரச்சினை குறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன்.

மணி பதினொன்று நாற்பது. கதவு திறந்தது. குணசீலன் சார் உள்ளே வந்தார். கையில் தொட்டி இல்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். முன்னால் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் லட்சுமியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அடடே, இன்னும் இருக்கீங்களா?"

"ஆமா சார்" என்றேன்.

என் பக்கத்தில் வந்து குனிந்தார். நல்ல மனிதர். மாணவிகளின் கருத்தைக் கேட்டுத்தான் எதையும் செய்வார்.

"இப்பமே முடிச்சிரட்டுமாம்மா? ஒரு வார்த்தைதான். ஆனா முடிச்சா இது நிஜக் கேஸ் இல்லைன்னு ஆயிரும். உன் ரெண்டு வருஷ ரிக்கார்டும் செல்லாது. முதல்லேர்ந்து செய்யணும். இல்ல, உன் வைவா முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாமா?"

சிதம்பரம் சார் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. லட்சுமி சுவரோரம் நின்றபடியே நின்றாள். அளந்தவர்கள் நகரச் சொல்லவில்லை. சின்னவன் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. ஐந்தே முக்கால் பஸ் ஞாபகம் வந்தது. அப்பாவின் டீக்கடை ஞாபகம் வந்தது. எல்லாம் ஞாபகம் வந்துதான் சொன்னேன்.

"வைவா முடியட்டும் சார்."

"அதான் சரி" என்று சொல்லிவிட்டு அவர் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

புறத்தேர்வாளர் இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆவுடை முதல் மாதத்தில் என் நோட்டில் எழுதிக் கொடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. தன் காலில் தானே நிற்கும்படி கிளையண்டுக்கு உதவினேன் என்று அதற்கு அர்த்தம். மனப்பாடமாகச் சொன்னேன். நல்ல இங்கிலீஷ் என்று பாராட்டினார்.

கடைசியாகத் திருப்திப் படிவம். கிளையண்ட் நம் சேவையில் திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். மைப்பெட்டி வந்தது. பணியாளர்தான் விரலைப் பிடித்து உருட்ட வேண்டும். லட்சுமியின் இடது பெருவிரலைப் பிடித்தேன். அது காப்புக் காய்த்திருந்தது. காகிதத்தில் வைத்து உருட்டினேன். இத்தனை வருகைகளில் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தொடக்கூடாது என்பது விதி.

அவள் குனிந்தாள். வாய் அசைந்ததே தெரியவில்லை.

"ஏட்டி, பாஸாயிருவேல்லா?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல மாட்டேன்.

"ஆயிருவேன்" என்றேன்.

புறத்தேர்வாளர் நிமிர்ந்தார். "என்ன சொல்றாங்க கிளையண்ட்?"

"நன்றி சொல்லுதாங்க சார்."

அதையும் குறித்துக்கொண்டார்கள். முதல் வகுப்பு என்று அங்கேயே அறிவித்தார்கள். கைதட்டினார்கள். லட்சுமியும் தட்டினாள். அவள் கை மை என் ரிக்கார்டு அட்டையில் பட்டுவிடாமல், அட்டையைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டினாள். ஆபீஸ் உதவியாளர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து ஃபைலை ஏற்றினார். வண்டி ரிக்கார்டு ரூமுக்குப் போயிற்று. அது போகும்போது மட்டும் வராந்தா முப்பது அடிதான் இருந்தது.

நான் பின்வரிசைக்கு ஓடினேன். குணசீலன் சார் கழுத்தில் மாலை இருந்தது. யாரோ சால்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், போதும்னு சொல்லுங்க."

"இப்ப நான் சொன்னா செல்லாதேம்மா. இன்னியோட ரிட்டயர்டு. வைவா முடிஞ்சதும் ரிலீவ் பண்ணிட்டாங்க." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீ ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா."

ஆமாம் என்றேன். அவர் என் தலையில் கை வைத்து, நல்லாயிரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு அறையில் நானும் லட்சுமியும் இருந்தோம். அவள் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாசலில் முதல் வருட மாணவிகள் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவள் பதினாலாவது கேள்வியை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஆவுடை" என்றேன். மெதுவாகத்தான் கூப்பிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மரியாதையாகப் பார்த்தாள். நான் அந்த முகத்தில் வெகுநேரம் தேடினேன்.

"கார்டு வந்துருமா மேடம்?"

எனக்கு அவமானமாக இருந்தது. சொல்வதற்கு என்னிடம் ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதற்குத்தான் முதல் வகுப்பு கொடுத்திருந்தார்கள்.

"சரிங்கம்மா. அடுத்த வாரம் வர்றேன்."

அவள் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். பெருவிரலில் மை காயவில்லை. பிள்ளைகளையும் கும்பிடச் சொன்னாள். கும்பிட்டார்கள்.

நான் படியிறங்கினேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கேண்டீனில் போண்டா அப்போதுதான் எடுத்திருந்தார்கள். இரண்டு வாங்கினேன். இரண்டையும் நானே தின்றேன்.